நாட்டு மரக்கன்றுகளையும் புதர்ச்செடிகளையும் தெரிந்தெடுக்கும் முறை

பயிர்த்தொழில் செய்வோர் ஒரு போகத்திற்கு வேண்டிய நெல்வித்தைத் தெரிந்தெடுப்பதில் எவ்வளவு கவனஞ் செலுத்துகின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. உப்புநீரிலிட்டுப் பதரை நீக்கியும், முளை கட்டிச் சோதித்தும் அல்லாது வித்தை நாற்றங்காலில் இடார். ஆனால் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கப்போகிற மரக்கன்றை வாங்குங்காலோ, நாற்றுப்பண்ணையில் எது உயரமாயும் பசுமையாயும் நிற்கின்றதோ அதையே வண்டியிலேற்றிக்கொண்டு வருகின்றனர். வித்துப் பிழைபட்டால் நஷ்டம் ஒரு போகத்தோடு தீரும். மரக்கன்று பிழைபட்டாலோ, அந்நஷ்டம் வெளிப்படுவதற்கே பத்தாண்டு செல்லும்; வெளிப்பட்டபின் அதனை நீக்குவதற்கு, நட்ட செலவினும் பன்மடங்கு செலவாகும்.

இதற்குக் கண்கண்ட சாட்சி சீமைக்கருவேல். அமெரிக்காக் கண்டத்திற்குரிய இம்மரம் 1877-ஆம் ஆண்டில், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பை ஜில்லாவில் விதைக்கப்பெற்றது. எம்மண்ணிலும் வரும், மழையின்றியும் வளரும், ஆடுமாடுகள் இதன் தழையைக் கடிக்கமாட்டா என்ற மூன்று குணங்களே இதற்கு நற்சாட்சியாகக் கூறப்பட்டன. அம்மூன்று குணங்களே பின்னர் மூன்று குற்றங்களாயின. தழையைத் தின்னாத ஆடுமாடுகள் இனிப்பான காய்களைத் தின்று, எருவோடு வித்தை எங்கும் பரப்பின. இன்று எத்தனையோ கண்மாய்களின் உட்புறமும் வாய்க்காற்கரைகளும் இப்புதரால் அடைபட்டுக் கிடக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசினர் அயல் ஆக்கிரமிப்புச் செடிகளை நீக்குவதற்கென ஒரு கொள்கையை வெளியிட நேர்ந்தது.

ஆகையால் வரப்பு, வேலி, ஏரிப்புறம், சாலையோரம், கோயில் நிலம் முதலிய இடங்களில் நிழலுக்கும் ஊரின் வனப்புக்கும் பறவை முதலிய உயிர்களின் வாழ்வுக்குமாக நடப்பெறும் மரங்களையும் புதர்ச்செடிகளையும் எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை இங்கே விவரிப்போம். சுருங்கக் கூறின், கன்றின் உயரத்தைப் பாராமல், இடத்தையும் இனத்தையும் வேரையும் பார்த்தல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

பறவைகளால் குடியானவருக்கு ஆவது என்ன?

பறவைக்கென்று மரம் நடுவதால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று சிலர் வினவுவர். இதற்குச் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரியே விடையாகும். அவ்வேரியின் நீரினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் முதலிய பறவைகள் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் பாயும் வயல்கள் எருவிட்டதற்கு ஒப்பாக விளைவதை அவ்வூரார் நெடுங்காலமாக அறிவர். ஆகவே, சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபொழுது ஊரார் முறையிட்டு, அந்நாளையக் கலெக்டராகிய லயோனல் பிளேஸ் என்பவரிடம் 1798-ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றனர். அது 1858-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் அவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவமுடைய நீர்நிலைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இவையனைத்திற்கும் அடிப்படை, வெள்ளத்தில் மாதக்கணக்காக நின்றும் அழுகாத நாட்டு மரம் ஒன்று அங்கே இருந்ததேயாகும்.

புன்செய் நிலத்திலும் இவ்வாறே. கரிச்சான் குருவி உயர்ந்த கிளையிலோ கொம்பிலோ அமர்ந்து அந்துப்பூச்சியையும் வெட்டுக்கிளியையும் பறந்து பிடிக்கும். பனங்காடை தரையிலுள்ள பூச்சிகளைத் தின்னும். கூகை மரப்பொந்திலிருந்து இரவில் வெளிப்பட்டு எலிகளைப் பிடிக்கும். தானியந் தின்னும் சிட்டுக்குருவியுங்கூடத் தன் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டி வளர்க்கின்றது. உட்காரக் கொம்பும் கூடுகட்டக் கிளையும் பொந்துமில்லாத மொட்டை வரப்பில் இவை தங்கமாட்டா.

பறவைகளால் தீங்கே இல்லை என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். கிளி கம்பையும் சோளத்தையும் கொறிக்கும். மயில் நிலக்கடலையையும் நாற்றையும் கெடுக்கும். ஆதலால் கனிதரும் பெருமரங்களைத் தானியக் கதிர் விளையும் நிலத்தின் நடுவில் வையாமல், ஏரிப்புறம், தோப்பு, கோயில் நிலம் ஆகிய இடங்களில் வைத்தலும், வயல் வரப்பில் பூச்சி தின்னும் பறவைகள் அமரத்தக்க சிறுநிழல் மரங்களை வைத்தலும் முறையாகும். காட்டுப்பன்றிகள் பகலில் மறைந்திருப்பதற்கு இடந்தருவது பெரும்பாலும் ஆள் நுழையக்கூடாத சீமைக்கருவேற்புதரேயன்றி, இடைவெளி விட்டு நிற்கும் நாட்டு மரங்களல்ல என்பதையும் கவனித்தல் வேண்டும்.

இடத்திற்கேற்ற இனம்

எவ்வினம் நமது ஊருக்குரியது என்பதை அறிய நூல் ஒன்றும் வேண்டுவதில்லை. ஊர்ப்புறத்திலுள்ள ஐயனார் கோயிற்காட்டையோ அம்மன் கோயிற்காட்டையோ சென்று பார்த்தாற் போதும். நீர் பாய்ச்சுவாரும் எருவிடுவாருமின்றி அங்கே தாமாகப் பழுத்து, தாமாக முளைத்து நிற்பவை எவையோ, அவையே அம்மண்ணுக்கும் மழைக்கும் இசைந்தவை. சோழமண்டலக் கரையோரத்துக் கோயிற்காடுகளில் வீரை, பாலை, காசா, நாவல் முதலியவை இவ்வாறு நிற்கின்றன. நாற்றுப்பண்ணைக்குச் செல்லுமுன் ஒருமுறை கோயிற்காட்டுக்குச் சென்று பெயர்களைக் குறித்துக்கொள்வது நலம். பொதுவாகக் கீழ்க்கண்டபடி தெரிந்தெடுக்கலாம்.

1. ஏரி, கண்மாய்களின் உட்புறம்: நீர்க்கடம்பு, கருவேல். இவ்விரண்டும் நீர் தேங்கி நிற்பதைப் பொறுக்கும்.

2. ஆற்றோரம், வாய்க்காலோரம்: நீர்மருது, நாவல், புங்கம், இலுப்பை.

3. செம்மண் புன்செய்: வேம்பு, வாகை, உசிலை, வெள்வேல். வாகையும் உசிலையும் தழைத்தீவனமும் தரும்.

4. கரிசல் நிலம்: கருவேல், வேம்பு, இலந்தை. தென்ஜில்லாக்களில் குடைபோற் படரும் உடைமரமும் ஏற்றது.

5. கடற்கரை மணல்: புன்னை, பூவரசு, பனை, தாழ்ந்த ஈரவிடங்களில் தாழை.

6. உவர் கண்ட நிலம்: கருவேல், புங்கம், நீர்மருது.

7. உயிர்வேலி: முள்ளுக்கிளுவை, சங்கஞ்செடி, காரை, சூரை, இலந்தை; முள் வேண்டாத இடத்தில் நொச்சி, ஆடாதொடை, ஆவாரை.

புதர்ச்செடிகளை மரத்தினுங் குறைவாக எண்ணலாகாது. கவுதாரியும் தவிட்டுக்குருவியும் கீரியும் உடும்பும் தங்குவது வேலியடியிலேதான். காங்கேயம், தாராபுரம் பகுதிகளிலுள்ள கொறங்காடுகள் இதற்குச் சிறந்த உதாரணம். அங்கே மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்ளுக்கிளுவை வேலியும், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல் மரங்களுமாக வைத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருகின்றனர். வேலி கால்நடையை நிறுத்துகின்றது. மரம் நிழலும் நெற்றும் தருகின்றது. மழை குறைந்த அப்பூமியில் காங்கேயம் மாடு இதனாலேயே வளர்கின்றது. பறவைகளுக்கும் சிறுபிராணிகளுக்கும் வேறு செலவின்றி அதுவே வீடாகின்றது.

பன்னிரு மாதமும் உணவு

ஒரே இனத்தை வரிசையாக நூறு கன்று நடுதல் பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றினும், அம்மரம் பழுக்கும் இரண்டு மாதம் நீங்க மற்றைய பத்து மாதமும் பறவைகள் அங்கே பட்டினி கிடக்கும். ஆகவே பூப்பும் பழுப்பும் மாறிமாறி வரும்படி ஐந்தாறு இனங்களையாவது கலந்து நடுதல் வேண்டும். ஜில்லாவுக்கு ஜில்லா சிறிது முன்பின்னாகுமெனினும், பருவம் ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

மார்கழி முதல் மாசி வரை: இலந்தைக்கனி.

மாசி, பங்குனி: இலுப்பைப்பூ, இதற்குப் பழந்தின்னி வௌவால்கள் இரவில் திரண்டு வரும்.

பங்குனி, சித்திரை: வேம்பும் புங்கும் பூக்கும், தேனீக்கும் தேன்சிட்டுக்கும் உணவு.

ஆனி, ஆடி: நாவற்பழம், வேப்பம்பழம், இலுப்பைப்பழம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: சூரைப்பழம்.

இவற்றினிடையே வரும் வெற்று மாதங்களை நிரப்புவன ஆலும் அரசும் அத்தியுமே. ஓர் ஊரில் பல ஆலமரங்களிருப்பின் அவை யாவும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒன்று ஓய மற்றொன்று பழுக்கும். குயில், மைனா, குக்குறுவான், கொண்டைக்குருவி யாவும் இவற்றை நம்பியே காலந்தள்ளும். ஆகையால் ஊருக்கு இரண்டொரு ஆலோ அரசோ விசாலமான பொதுவிடத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் கிணற்றுச்சுவர், மதகு, கலிங்கு, வீட்டுச்சுவர் ஆகியவற்றினருகே இவற்றை ஒருக்காலும் நடலாகாது. வேர் கட்டடத்தைப் பிளந்துவிடும்.

பனையைப்பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். வரப்பில் இதனினும் குறைந்த நிழல் தரும் மரமில்லை. பனை உழவாரன் குருவி இதன் ஓலையிலே கூடு ஒட்டி வாழ்கின்றது. தூக்கணாங்குருவி ஓலை நுனியிலே கூடு தொங்கவிடும். ஆனால் ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஆதலால் நுங்கும் பழமும் கருதுவோர் வேண்டிய அளவினும் இருமடங்கு கொட்டை ஊன்றுதல் தகும்.

ஒத்த பெயரும் ஒத்த தோற்றமும்

பெயரை மாத்திரம் கேட்டுக் கன்று வாங்குவோர் ஏமாறுவதுண்டு. கருவேல் என்று கேட்கச் சீமைக்கருவேலும், வாகை என்று கேட்கத் தூங்குமூஞ்சியும் வந்து சேரும். கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. அதன் நெற்று மணிகோத்தாற்போல விதைக்கு விதை இறுகியிருக்கும். சீமைக்கருவேலின் பூ கதிர்போல் நீண்டு தொங்கும். காய் இறுக்கமின்றி ஒரே பட்டையாயிருக்கும். வாகையின் நெற்று வைக்கோல் நிறமாய்க் காற்றிற் சலசலக்கும். தூங்குமூஞ்சியின் காய் கறுத்துத் தடித்து உள்ளே பிசுபிசுப்பாயிருக்கும். கன்றிலே பூவுங்காயும் இராவாகையால், தாய்மரத்தைக் காட்டும்படி பண்ணையாரைக் கேட்டல் நலம்.

மயிற்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்தும், கொடுக்காப்புளி மெக்ஸிகோ பக்கத்திலிருந்தும், தைலமரமும் சவுக்கும் வேறு நாடுகளிலிருந்தும் வந்தவை. புளியுங்கூட ஆப்பிரிக்காவிற்குரியதே, எனினும் பன்னெடுங்காலமாக நம்முடன் வாழ்ந்து, தீங்கின்றிப் பயன்தருவது. அயல்மரம் யாவும் பகையென்பது நம் கருத்தன்று. வருவாய்க்காகச் சவுக்கு வைப்போர் வைக்கலாம். பறவைக்கும் நிலத்திற்குமென்று ஒதுக்கிய இடத்தில் நாட்டு இனமே முந்தவேண்டும் என்பதே கருத்து. ஏனெனில் நம் நாட்டுப் பூச்சிகளிற் பல, தமக்குரிய நாட்டுச்செடியின் தழையையே தின்று வளர்வன. தழை தின்னும் புழுவில்லாத மரத்திலே குஞ்சுக்கு இரை தேடும் பறவைக்கு வேலையில்லை.

கன்றைச் சோதித்தல்

இனம் சரியாயினும் கன்று பழுதாயிருப்பின் பயனில்லை. பண்ணையிற் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வோர் இனத்திலும் ஒரு கன்றைத் தெரிந்துகொண்டு பையைக் கிழித்து வேரைப் பார்க்க வேண்டும். வேர் அடியிலே பாம்புபோற் சுருண்டு தடித்திருப்பின் அந்தத் தொகுதி ஆகாது. சுருண்ட வேர் நட்டபின்னும் சுருண்டே தடிக்கும். மரம் சில ஆண்டு செழித்து நின்று, பின்னர்ப் பெருங்காற்றில் அடியோடு சாயும். சுருளத் தொடங்கிய சிறுவேராயின், அடியில் அரை அங்குலம் கத்தியால் நீக்கி நடலாம்.

2. பையைக் கிழித்து வேர் தரையில் இறங்கிய கன்றை வாங்கலாகாது. தூக்குங்கால் ஆணிவேர் அறுந்துவிடும்.

3. ஒன்றரை முதல் இரண்டரை அடி உயரமுள்ள கன்றே மானாவாரிக்கு உகந்தது. அடித்தண்டு எழுதுகோற் பருமனுக்குக் குறையலாகாது. கொம்பு கட்டினாலன்றி நிமிராத ஆறடிக் கன்று நிழலிலே நெருக்கி வளர்க்கப்பட்டதாகும், முதற்கோடையிலேயே கருகும்.

4. சில வாரம் வெயிலில் வைத்து, நீரையும் குறைத்துப் பழக்கிய கன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

5. வித்து ஒரே மரத்திலிருந்து எடுக்கப்பட்டதா, பல மரத்திலிருந்தா என்று வினவ வேண்டும். பல மரத்து வித்தாயின், வறட்சிக்கும் நோய்க்கும் சிலவேனும் தப்பிப் பிழைக்கும்.

பண்ணையில் வேண்டிய இனம் அகப்படாவிடின் நாமே எழுப்பிக்கொள்ளுதல் அரிதன்று. வேப்பங்கொட்டை, நாவற்கொட்டை, இலுப்பைக்கொட்டை ஆகியவை சில வாரங்களில் முளைக்குந்திறனை இழப்பன. பழம் உதிர்ந்தவுடன் சதையைக் கழுவி விதைத்தல் வேண்டும். கருவேல், வாகை முதலியவற்றின் விதைத்தோல் கடினமாகையால், கொதித்திறக்கிய வெந்நீரிலிட்டு ஓரிரவு ஊறவைத்து விதைத்தல் வேண்டும். கிளுவை, பூவரசு முதலியவற்றைப் போத்தாக வெட்டி நடலாம். எல்லாவற்றிலும் மலிவானது பறவை நட்ட கன்று. வரப்பிலுள்ள மரத்தடியில் மழைக்குப்பின் தாமாக முளைத்திருக்கும் வேம்பு, நாவற்கன்றுகளை உழவிலும் களையெடுப்பிலும் அழித்துவிடாமல், பக்கத்திலொரு குச்சி நட்டு முள் சூழ்ந்து விட்டால், நீரூற்றாமலே அவற்றிற் பல மரமாகும்.

நடவும் காப்பும்

தென்மேற்குப் பருவமழை பெறும் இடங்களில் ஆடியிலும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய இடங்களில் புரட்டாசி, ஐப்பசியிலும், நிலம் நன்கு நனைந்தபின் நடுதல் வேண்டும். குழி நீள அகல ஆழம் ஒன்றரை அடி இருக்கட்டும். கோடையிலேயே எடுத்து ஆறப்போடுதல் நலம். ஆல், இலுப்பை போன்ற பெருமரத்திற்கு 30 அடிக்குக் குறையாமலும், வரப்பு மரத்திற்கு 15 அடியும், வேலிச்செடிக்கு ஓரடியும் இடைவெளி விட வேண்டும்.

புரட்டாசி முதல் தை வரை சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். ஆதலால் அகன்ற மரத்தை நிலத்தின் தென்வரப்பில் வைத்தால் தன் பயிருக்கும், வடவெல்லையை ஒட்டி வைத்தால் அயலார் பயிருக்கும் நிழலாகும். வடபுறம் சாலையோ தரிசோ இருப்பின் அங்கே வைக்கலாம். அண்டை நிலமாயின் முன்னரே கலந்து பேசிக்கொள்ளுதல் பின்னர் வரும் வியாஜ்ஜியத்தைத் தவிர்க்கும்.

ஆட்டினின்று காப்பதும், முதலிரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறையேனும் ஒரு குடம் நீரூற்றுவதும் இன்றியமையாதவை. மரம் வளர்ந்தபின் காய்ந்த கிளையாவும் வெட்டியெறிய வேண்டுவதில்லை. ஆட்களுக்கும் வீட்டுக்கும் அபாயமில்லாத இடத்திலுள்ள பட்ட கிளையும் பொந்தும் கூகைக்கும் குக்குறுவானுக்கும் வீடாகும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

ஏரிப் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் நடுமுன், அவ்விடத்திற்குப் பொறுப்பான இலாகாவின் அனுமதியையும் ஊராட்சியின் தீர்மானத்தையும் பெறுதல் வேண்டும். சீமைக்கருவேலை நீக்குமிடத்தில் மேலே வெட்டினால் மீண்டுந் துளிர்க்கும். தூரையும் தோண்டியெடுக்க வேண்டும். முழு ஏரியையும் ஒரே மூச்சில் வெட்டவெளியாக்காமல், பகுதி பகுதியாக நீக்கி, நீக்கிய இடத்தில் அம்மழைக்கே நாட்டுக்கன்று நடுதல் வேண்டும். அம்மரத்தில் கூடு இருப்பின் குஞ்சு பறந்தபின் வெட்டலாம். அதன் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பலவாகையால், வெட்டும் வேலையையும் கன்று காக்கும் கூலியையும் அவர்களுக்கே முதலில் அளிப்பது நியாயமாகும்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவதை நோக்கமாகக் கொண்டது. இத்தகைய முயற்சிகளில் நட்ட கன்றுகளின் தொகை பெரிதாகக் கூறப்படும். ஆனால் நட்ட கணக்குக் கணக்கன்று. இரண்டு கோடை தாண்டிப் பிழைத்த கணக்கே கணக்கு. ஆகவே ஊர்தோறும் ஒரு புத்தகம் வைத்து, நட்ட தேதி, இனம், இடம், முதலாண்டு முடிவில் நின்றவை, இரண்டாமாண்டு முடிவில் நின்றவை ஆகியவற்றை எழுதிவருதல் வேண்டும். எந்த இனம் எந்தப் புறம்போக்கில் நிலைத்தது என்பதை அப்புத்தகம் மூன்றாண்டில் தெளிவாகக் காட்டும். பின்வரும் ஆண்டுகளில் கன்று தெரிந்தெடுப்பதற்கு அதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

இவ்வாண்டு மழைக்கு நட நினைப்போர் பெருந்தொகைக்கு ஆசைப்பட வேண்டுவதில்லை. ஐந்து ஏக்கர் உடையவர் வரப்பில் பத்து வேம்பும் புங்கும், எல்லையில் இருபது பனங்கொட்டையும், ஒரு பக்க வேலிக்குக் கிளுவையும் சூரையும், கிணற்றுக்கு எட்ட ஓர் இலுப்பையும் நாவலும் வைத்து, அவற்றைக் கருத்துடன் காத்துவந்தாலே போதுமானது. கோடையிற் குழியெடுத்து, கோயிற்காட்டைப் பார்த்து, வேரைச் சோதித்துக் கன்று வாங்குவோர் செலவிட்ட பொருள் வீண்போகாது.